கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி

நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் எகிப்திய மம்மிகளையும் ரோடானின் வெண்கலச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கட்டடத்தில் 2021 பிப்ரவரி 26 முதல் செப்டம்பர் 5 வரை 'வாட் பார்ட்டி' என்ற கண்காட்சி நடந்தது. ஓவியர் வர்ணம் தீட்டி மாற்றிய தெருவோர ஃபேஷன் விளம்பரங்கள், சுவரெழுத்துப் பழகிய நோட்டுப் புத்தகங்கள், கார்ட்டூன் முகங்களைத் துண்டுபோட்டு அடுக்கியதுபோன்ற பெரிய கான்வாஸ்கள், பெட்டியில் அடைத்து விற்கிற பிளாஸ்டிக் பொம்மைகள், துணிப் பொம்மைகளைக் குவித்துச் செய்த நாற்காலிகள், ஆளை அண்ணாந்து பார்க்கவைக்கிற சிற்பங்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவை வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே ஆளின் கைவேலை, அல்லது அவர் பெயரில் ஆன வேலை. இயற்பெயர் பிரையன் டானலி. 1974இல், மன்ஹாட்டனுக்கு எதிரே ஹட்சன் ஆற்றின் அக்கரையில் இருக்கிற ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். உலகம் அவரைக் 'காவ்ஸ்' என்று அறிகிறது. அவருடைய உருவங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடம்பில் மிக்கி மவுஸின் கையுறையும் கால்சட்டையும் இருக்கும். கழுத்துக்கு மேலே மண்டையோடும், அதன் இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்புகளும். கண்களுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறிகள்.

இவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இது கலையா, சரக்கா? ரசிகர்கள் ஒரு பக்கம் கட்சி கட்டுகிறார்கள், விமர்சகர்கள் மறுபக்கம். எனக்கு இந்த வழக்கில் சுவாரஸ்யம் இல்லை. இரண்டும்தான் என்பதை அவரே மறைக்காதபோது அதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? நான் பிடித்துக்கொள்ள விரும்புவது வேறு நூல். ஃபேஷன் விளம்பரம், தெருச்சுவர் எழுத்து, கார்ட்டூன் ஆகிய மூன்றும் தனித்தனி உலகங்கள்போலத் தோன்றினாலும் மூன்றுக்கும் பிழைப்பு ஒன்றுதான். நிற்க நேரமில்லாத ஆளின் கண்ணில் ஒரு நொடிக்குள் பதிந்தாக வேண்டும். காவ்ஸ் இந்த மூன்றையும் புத்தகத்தில் படிக்காமல் கையால் கற்றவர். ஒரு உருவத்திலிருந்து எவ்வளவை எடுத்துவிட்டாலும் அது இன்னும் யாரென்று தெரிகிறது என்பதைத்தான் அவர் முப்பது வருஷமாகச் சோதித்துப் பார்க்கிறார். நமக்குச் சட்டென்று தெரிந்துவிடுவதை அவர் கொஞ்சம் இழுத்தடிக்கிற இடங்களில் அவர் உண்மையான ஓவியர். அதைச் சிரமமில்லாமல் நம் கையில் கொடுத்துவிடுகிற இடங்களில் அவர் தன் முத்திரையைத் தானே குத்திக்கொண்டிருக்கிறார்.

தெருவிலிருந்து தொடங்கலாம். 1970களில் நியூயார்க் சுரங்க ரயில்களின் வெளிப்பக்கம் முழுவதும் இளைஞர்கள் ஸ்ப்ரே பெயிண்டால் தங்கள் புனைபெயர்களை எழுதினார்கள். ஓடுகிற பெட்டியில் எழுதினால் ஊர் முழுக்கப் பெயர் சுற்றும் என்பது கணக்கு. போக்குவரத்து நிர்வாகம் பல வருஷம் போராடி, எழுத்து உள்ள கடைசிப் பெட்டியையும் 1989 மே மாதம் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தது. அப்போது டானலிக்கு வயது பதினான்கு. அவருடைய தலைமுறை எழுத வந்தபோது ரயில் கைவிட்டுப் போயிருந்தது. மிஞ்சியவை சுவர்கள், சரக்கு ரயில்கள், விளம்பரப் பலகைகள். 'காவ்ஸ்' என்ற பெயருக்கு அர்த்தம் எதுவும் இல்லை. அந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வடிவம் நன்றாக இருந்தது, அதனால் வைத்துக்கொண்டார். சுவரெழுத்துக்காரர்களுக்கு இது இயல்பான காரியம். அவர்கள் பெயரைப் படிக்கச் சொல்வதில்லை, பார்க்கச் சொல்கிறார்கள். வேகமாகக் கடந்துபோகிற கார்க்காரருக்கு எழுத்துக்கூட்ட நேரம் இருக்காது. ஆனால் ஒரு வளைவும் அதன் சாய்வும் மனதில் நின்றுவிடும். கண்காட்சியின் தொடக்க அறையில் இருந்த நோட்டுப் புத்தகங்களுக்கு இதனால்தான் மதிப்பு. ஓவியத்துக்கு முந்தைய பயிற்சி என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் இலக்கணம் அங்கேதான் அமைகிறது.

விளம்பரப் பலகையின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நாளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மேலே எழுதினால் விளம்பரம் அழிகிறது. உள்ளே புகுந்தால் விளம்பரமே தனக்கு வேலைசெய்கிறது. 1990களில் நியூயார்க்கின் பஸ் நிழற்குடைகளிலும் தொலைபேசிக் கூண்டுகளிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய பெரிய ஃபேஷன் படங்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டங்களைத் திறக்கிற சாவி ஒன்றை சான் பிரான்சிஸ்கோவின் சுவரோவியர் பேரி மெக்கீ அவருக்குக் கொடுத்தார். படத்தை உருவி வீட்டுக்குக் கொண்டுபோவது, அக்ரிலிக்கில் தன் உருவத்தை அதில் வரைவது, திரும்பக் கொண்டுவந்து அதே சட்டத்தில் மாட்டிப் பூட்டுவது. இப்படி நடந்தது வேலை. கால்வின் கிளைன் விளம்பரத்து அழகியைச் சுற்றி மண்டையோட்டுத் தலையுள்ள ஒரு ஜந்து பாம்புபோல வளைந்துகொண்டிருக்கும். தூரிகைத் தடம் துளிகூடத் தெரியாது. அச்சகத்திலிருந்தே அப்படி வந்ததோ என்று வழிப்போக்கர் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தின் நோக்கம். ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு இந்த நிதானம் தேவையில்லை. ஃபேஷன் படங்களை ஆத்திரத்தோடு கெடுத்தவர் என்று இவரைச் சொல்பவர்கள் இந்த நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களின் ஒளி, தோலின் மினுமினுப்பு, மாடலின் உடல் நிற்கிற தோரணை ஆகியவற்றை மதித்து, அவற்றின் வளைவைப் பின்பற்றித்தான் அவருடைய கோடு போகிறது. ஒரு கட்டத்தில் மாட்டிய வேகத்தில் யாரோ அவற்றைத் திருடிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். தெருவில் இருப்பதற்காகச் செய்தது தெருவில் தங்கவில்லை என்றானதும் அந்த வேலை நின்றுபோனது. சந்தை அவரை விலைக்கு வாங்குவதற்கு முன்பே களவாடிவிட்டது எனலாம்.

மூன்றாவது பள்ளிக்கூடம் கார்ட்டூன். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் 1996இல் பட்டம் பெற்ற பிறகு ஜம்போ பிக்சர்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனத்துக்குப் பின்னணிக் காட்சிகள் வரைந்தார். '101 டால்மேஷன்ஸ்', 'டக்' போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் அங்கே தயாராகின. கையால் செய்த பழைய அனிமேஷனின் தொழில்முறையைச் சற்று விளக்கினால் இவருடைய கான்வாஸ்கள் பிடிபடும். கண்ணாடிபோன்ற தாளின் முன்பக்கத்தில் உருவத்தின் கோட்டை வரைவார்கள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வர்ணத்தை நிரப்புவார்கள். முன்னாலிருந்து பார்க்கிறவருக்குக் கோடும் நிறமும் தெரியுமே தவிர, தூரிகை எப்படிப் போனது என்பது தெரியாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் சமமாக, நிழலின்றி, சுருக்கமின்றிக் கிடக்கும். காவ்ஸின் ஓவியங்களும் இப்படித்தான். கை நடுங்கிய இடம், வர்ணம் வழிந்த இடம், மனம் மாறிய இடம் எதுவும் கிடைக்காது. ஓவியம் என்றாலே ஓவியரின் கையோட்டம் தெரிய வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு இது உயிரற்றதாகப் படலாம். ஆனால் கையை மறைப்பதற்கு வேண்டிய கைத்திறனும் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நிறங்கள் சந்திக்கிற விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள்கூடச் சொல்வார்கள்.

இந்த மூன்று பயிற்சியும் ஒன்றாகச் சேர்வதைக் காட்டுகிற ஓவியங்களில் முக்கியமானது 'கிம்ப்சன்ஸ்' வரிசை. 'சிம்ப்சன்ஸ்' தொலைக்காட்சிக் குடும்பத்தின் மஞ்சள் முகங்களில் கண்ணுக்குப் பெருக்கல் குறி போட்டு அவர் தன்வசப்படுத்திக்கொண்ட படங்கள் அவை. 'எ பாத்திங் ஏப்' என்ற தெரு ஃபேஷன் பிராண்டை டோக்கியோவில் தொடங்கிய நிகோவுக்காக இவற்றில் பலவற்றை வரைந்தார். அவற்றில் ஒன்று 2005இல் வரைந்த 'தி காவ்ஸ் ஆல்பம்'. அதன் வம்சாவளி வேடிக்கையானது. 1967இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவொர்த்தும் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டுக்குப் பிரபலங்கள் கூடி நிற்கிற உறையை அமைத்தார்கள். அதைக் கேலி செய்து 'தி எல்லோ ஆல்பம்' என்ற தங்கள் இசைத்தட்டுக்கு சிம்ப்சன்ஸ்காரர்கள் உறை போட்டார்கள். காவ்ஸ் அந்தக் கேலியை எடுத்து இன்னொரு சுற்று சுற்றினார். ஒரு படம் மூன்று கை மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் இழந்து, ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. கண்ணை எடுத்துவிட்ட பிறகும் ஹோமர் சிம்ப்சன் ஹோமராகவே இருக்கிறான் என்றால் நாம் முகத்தில் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்? மஞ்சள் நிறத்தையா, தலையின் வெளிக்கோட்டையா? இந்தச் சங்கடமான கேள்வியை ஒரு பொம்மைப் படம் எழுப்புவது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. சிறிய கான்வாஸ்களை வரைந்து, அவற்றைக் கடையில் தொங்குகிற பொம்மைபோலப் பிளாஸ்டிக் உறையில் அட்டையோடு சேர்த்து அடைத்த வரிசையும் இதே காலத்தது. வாங்கியவர் படத்தைத் தொட வேண்டுமென்றால் பொட்டலத்தைக் கிழிக்க வேண்டும்; கிழித்தால் விலை போய்விடும்.

பின்னர் வந்த கான்வாஸ்களில் அவர் இன்னும் ஒரு படி போனார். ஸ்பாஞ்ச்பாப் போன்ற கார்ட்டூன் உருவங்களைக் கண்ணருகே இழுத்து, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமும் வெறும் வளைந்த தகடுகள்போல மோதிக்கொள்கின்றன. முதல் பார்வையில் அது அரூப ஓவியம். இரண்டாம் பார்வையில் ஒரு பல் தெரிகிறது, பிறகு ஒரு இமை, பிறகு பெருக்கல் குறியின் ஒரு கால். தெரிந்த முகம் கிடைப்பதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில்தான் நிறத்தை நிறமாகவும் கோட்டைக் கோடாகவும் பார்க்கிறோம். விளம்பரமும் கார்ட்டூனும் சுவரெழுத்தும் எதற்காகப் படைக்கப்பட்டனவோ, அந்த ஒரு நொடித் தொழிலை இந்த ஓவியங்கள் வேண்டுமென்றே கெடுக்கின்றன. அவருடைய மிகச் சிறந்த வேலை இதுதான் என்பது என் துணிபு. ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்குத் தோதான இடம் இது இல்லை. பொம்மைகளின் அறைக்குத்தான் கூட்டம் போகும்.

இவர்மீது மூன்று ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. முதல் ஆட்சேபம், இது திருட்டு என்பது. வால்ட் டிஸ்னியின் கையுறை, மாட் கிரேனிங்கின் மஞ்சள் குடும்பம், எல்லாமே இரவல் சரக்கு. இதில் ஓவியர் சேர்த்தது இரண்டு பெருக்கல் குறிதானே என்று கேட்கிறார்கள். கூடவே, ராய் லிக்டென்ஸ்டைன் 1961இலேயே மிக்கியையும் டொனால்ட் டக்கையும் கான்வாஸில் வரைந்துவிட்டார், அடுத்த வருஷம் ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களை மாட்டினார், அறுபது வருஷம் கழித்து இதில் புதுமை என்ன என்றும் கேட்கிறார்கள். பாதி நியாயம் உண்டு. ஆனால் திசையைக் கவனிக்க வேண்டும். வார்ஹோலும் லிக்டென்ஸ்டைனும் கடைத்தெருப் படத்தை ஓவியக்கூடத்துக்குத் தூக்கிவந்தார்கள். அந்த இடமாற்றம்தான் அவர்களுடைய அதிர்ச்சி. காவ்ஸ் தொடங்கியது படம் ஏற்கெனவே இருந்த இடத்தில், பஸ் நிழற்குடையின் கண்ணாடிக்குள். அருங்காட்சியகம் அவருக்குக் கடைசியாகத்தான் வந்தது. அதற்கு முன்பே பொம்மை, சட்டை, இசைத்தட்டு உறை என்று பல வழிகளில் படம் மக்களிடம் போயிருந்தது. இரவல் என்ற குற்றச்சாட்டில் எனக்கு உறுத்துவது வேறு. இரவல் உருவத்தில் வளர்ந்தவர், தன் உருவத்தை இரவல் எடுத்தவர்கள் மீது 2021இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். சட்டப்படி அவர் பக்கம் பலமாக இருக்கலாம், போலி விற்பது கேலி செய்வதாகாதுதான். ஆனாலும் பூட்டை உடைக்காமல் சாவியால் திறந்தவர் பிற்பாடு பூட்டு வாங்கியதைப் பார்க்காமல் போக முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் காசு. இது வலுவானது. 1999இல் டோக்கியோவின் பவுண்டி ஹன்டர் நிறுவனத்தோடு சேர்ந்து மிக்கியின் கையுறையும் மண்டையோட்டுத் தலையும் கொண்ட தன் உருவத்தை 'கம்பேனியன்' என்ற முதல் பொம்மையாக 500 எண்ணிக்கையில் வெளியிட்டார். 2006 முதல் 2013 வரை டோக்கியோவில் 'ஒரிஜினல்ஃபேக்' என்று சொந்தக் கடை நடத்தினார். யூனிக்லோ ஆடைக் கடைகளின் டி-ஷர்ட்டுகளில் அவருடைய படங்கள் வந்தன. 2018 ஜூனில் பாரிஸில் டியோர் நிறுவனத்துக்கு கிம் ஜோன்ஸ் வடிவமைத்த முதல் ஆண்கள் ஆடை அணிவகுப்பின் நடுவில் ஏறத்தாழ 70,000 மலர்களால் ஆன அவருடைய உருவம் பத்து மீட்டர் உயரத்தில் நின்றது. அடுத்த வருஷம் மார்ச்சில் ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் 37 மீட்டர் நீளக் காற்றடைத்த கம்பேனியன் மல்லாந்து மிதந்தது. அதையொட்டி ஏப்ரல் 1 அன்று அதே ஊரில் சோதபீஸ் ஏலத்தில் 'தி காவ்ஸ் ஆல்பம்' சுமார் 1.48 கோடி டாலருக்குப் போனது. ஏலக்காரர்கள் முன்கூட்டிச் சொன்ன மதிப்பு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 3 அன்று, சீனாவின் யூனிக்லோ கடைகளில் 99 யுவான் விலையுள்ள அவருடைய டி-ஷர்ட்டுக்காக மக்கள் பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து நுழைந்தார்கள், ஜவுளிக்கடைப் பொம்மைகள் போட்டிருந்ததைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த ஆட்சேபத்துக்கு விடையாகக் கீத் ஹாரிங்கைச் சொல்வது வழக்கம். சுரங்க ரயில் நிலையங்களின் காலி விளம்பரப் பலகைகளில் சாக்பீஸால் வரைந்து பெயர்பெற்ற ஹாரிங், 1986இல் மன்ஹாட்டனின் லஃபாயெட் தெருவில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்து சட்டைகளும் பேட்ஜுகளும் விற்றார். ஓவியம் வாங்க முடியாதவரும் தன் கோட்டை அணிந்துகொண்டு போகட்டும் என்பது அவர் சொன்ன காரணம். காவ்ஸுக்கும் அதே காரணத்தை அவருடைய ரசிகர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். நான் முழுதாக ஏற்கவில்லை. ஹாரிங் கடையில் பொருள் கிடைத்துக்கொண்டே இருந்தது. காவ்ஸின் பொம்மைகளோ குறைந்த எண்ணிக்கையில் வந்து தீர்ந்துபோகின்றன. வாங்கியவர் மறுநாளே பல மடங்கு விலைக்கு விற்கலாம். எல்லோருக்கும் என்று அறிவித்துவிட்டுச் சிலருக்கு மட்டும் கிடைப்பதுபோல வைப்பது ஸ்னீக்கர் காலணிக் கம்பெனிகளும் டோக்கியோவின் தெரு ஃபேஷன் கடைகளும் கண்டுபிடித்த வித்தை. ஃபேஷனிடமிருந்து காவ்ஸ் கற்றது மாடலின் வளைவை மட்டுமல்ல, வரிசையில் நிற்கவைக்கிற இந்தக் கலையையும்தான். ஆனால் சந்தையில் விலை ஏறியதாலேயே ஓவியம் மோசம் என்று முடிவுகட்டுவதும், விலை ஏறியதாலேயே நல்லது என்று முடிவுகட்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகம். 1.48 கோடி டாலர் ஏலம் நிகோவின் புகழைப் பற்றியும் ஹாங்காங்கின் பணத்தைப் பற்றியும் சொல்கிறது. அந்தக் கான்வாஸில் நிறம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அருங்காட்சியகம் உதவ வேண்டும்.

உதவியதா? புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு இந்த வழியில் பழைய நடை உண்டு. 2008இல் ஜப்பானிய ஓவியர் தகாஷி முராகாமியின் பெரிய கண்காட்சி இங்கே நடந்தபோது, கண்காட்சிக்குள்ளேயே லூயி வுய்த்தோன் கைப்பை விற்கிற கடை இயங்கியது. அப்போது எழுந்த கூச்சல் பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. காவ்ஸ் கண்காட்சி முடிந்த ஐந்தாவது நாள், 2021 செப்டம்பர் 10 அன்று, இதே அருங்காட்சியகத்தில் கிறிஸ்டியான் டியோரின் ஆடைக் கண்காட்சி திறந்தது. ஃபேஷனும் அருங்காட்சியகமும் கைகோர்ப்பதில் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தையலும் கைத்தொழில்தான், எகிப்தியத் துணியை வைக்கிற இடத்தில் பாரிஸ் துணியையும் வைக்கலாம். ஆனால் அருங்காட்சியகம் பார்வையாளருக்கு ஒரு கடமை செய்தாக வேண்டும்: எது வலுவான வேலை, எது வெறும் பெருக்கம் என்று பிரித்துக் காட்டுவது. பொம்மையும் கான்வாஸும் ஒரே மதிப்போடு அடுத்தடுத்து நின்றால் பார்வையாளர் தனக்குப் பழகியதையே தேடிப் போவார். பழகியது பொம்மை. கண்காட்சிக் கடையில் கிடைப்பதும் அதுவே.

சிற்பங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் மூன்றாவது ஆட்சேபம் அவற்றின் மீதுதான் வருகிறது. இது குழந்தைத்தனம், பெரியவர்களின் சோகத்துக்குப் போட்ட மலிவான வேஷம் என்கிறார்கள். கம்பேனியனின் உடல்மொழியைப் பாருங்கள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கும். 2013இல் செய்த 'அலாங் தி வே' என்ற மரச் சிற்பத்தில் இரண்டு கம்பேனியன்கள் ஒன்றின் தோள்மேல் ஒன்று கைபோட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பதினெட்டு அடி உயரம். புரூக்ளின் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் அது பல வருஷம் நின்றது. கார்ட்டூன் உருவம் என்பது அடிபட்டாலும் அடுத்த நொடி எழுந்து ஓடுகிற ஜீவன். மலையிலிருந்து விழுந்தாலும் சாகாது. அந்த ஜீவனுக்குச் சோர்வைக் கொடுத்தது நிஜமான கண்டுபிடிப்பு. கண்ணில்லாத முகத்தில் துக்கம் காட்ட முடியாது என்பதால் முழுச்சுமையும் தோளுக்கும் முதுகுக்கும் போகிறது. முதல் சில சிற்பங்களில் இது மனதைப் பிசைகிறது. பிரச்சினை, இதையே அவர் திரும்பத் திரும்பச் செய்வது. வெண்கலத்தில், மரத்தில், பிளாஸ்டிக்கில், மலரில், ராட்சத பலூனில் என்று பொருள் மாறுகிறது, அளவு மாறுகிறது, சோகம் மட்டும் அதே அளவு. 2012இல் மேசிஸ் கடையின் நன்றி தெரிவிப்பு நாள் ஊர்வலத்தின் பலூனாகவும் அது கண்ணைப் பொத்திக்கொண்டு நியூயார்க் வானத்தில் போனது. சுவரெழுத்துக்காரரின் பழைய பழக்கம் இங்கே எதிராகத் திரும்புகிறது. பெயரை எத்தனை இடத்தில் எழுதுகிறோமோ அத்தனை வெற்றி என்பது சுவருக்குச் சரி. துக்கத்தை அப்படி எழுத முடியாது. ஆகவே மூன்றாவது ஆட்சேபத்தில் 'குழந்தைத்தனம்' என்ற பகுதியை நான் ஏற்கவில்லை. 'மலிவு' என்ற பகுதியை, பிற்காலச் சிற்பங்கள் பலவற்றின் விஷயத்தில், ஏற்கிறேன்.

இதற்கு எதிர்ச்சாட்சியாக அதே கண்காட்சியில் இருந்தவை 2020இல் வரைந்த கான்வாஸ்கள். 'அர்ஜ்' என்ற வரிசையில் முகத்தருகே கைகள் வருகின்றன. தொடப்போகின்றனவா, தடுக்கின்றனவா, யாருடைய கை யாருடைய முகம் என்பது விளங்குவதற்கு நேரம் பிடிக்கிறது. உலகம் முழுக்கக் கையைக் கழுவு, முகத்தைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. 'டைட்' என்ற ஓவியத்தில் கம்பேனியன் நீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. துறைமுகத்தில் மல்லாந்து கிடந்த 37 மீட்டர் பலூனோடு இதை ஒப்பிட்டால் நான் சொல்லவருவது தெளிவாகும். பொம்மை அதேதான், தண்ணீரும் அதேதான். பலூனில் எல்லாம் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. ஓவியத்தில் முடிய மறுக்கிறது. ஒரு கான்வாஸ் ஒரு துறைமுகத்தைவிட அதிக நேரம் ஆளைப் பிடித்துவைப்பது ஓவியத்துக்கு இன்னும் உள்ள பலம்.

காவ்ஸுக்கே இது தெரியும் என்பதற்கு வலுவான ஆதாரம் அவர் வரைந்தவற்றில் இல்லை, வாங்கியவற்றில் இருக்கிறது. பொம்மை விற்ற பணத்தில் அவர் பிறருடைய கோட்டோவியங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறார். அவற்றிலிருந்து தேர்ந்தவற்றை 2024 அக்டோபரில் நியூயார்க்கின் டிராயிங் சென்டர் காட்சிக்கு வைத்தது. ராபர்ட் கிரம்பின் காமிக்ஸ் பக்கங்கள், சுரங்க ரயில் காலத்துச் சுவரெழுத்துக்காரர்களின் நோட்டுகள், ஓவியர் பீட்டர் சாலின் கோணல் உடல்கள், பள்ளியில் ஓவியம் கற்காதவர்களின் வரைபடங்கள் என்று போகிறது பட்டியல். அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் நியூசிலாந்தின் சூசன் தே கஹுராங்கி கிங். 1951இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே பேச்சை நிறுத்திவிட்டார், வரைவதை நிறுத்தவில்லை. டொனால்ட் டக்கின் அலகையும் காலையும் நீட்டி, மடித்து, பிழிந்து, ஒரு தாளில் பத்து டொனால்டுகளைப் பின்னிப் போட்டவர். இவருடைய வேலையை விரும்பி வாங்குகிற ஒருவருக்கு, தெரிந்த உருவத்தை எந்த எல்லைவரை நெருக்கலாம் என்பதில் கூர்மையான பார்வை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். கிங்கின் பென்சில் அழுத்தம் தாளுக்குத் தாள் மாறுகிறது. கோபமா விளையாட்டா என்பது கோட்டிலேயே தெரிகிறது. காவ்ஸ் தன் கான்வாஸில் இதற்கு இடமே கொடுப்பதில்லை. கையை மறைக்கக் கற்றுக்கொண்டவர், கை பளிச்சென்று தெரிகிற ஓவியங்களைத் தேடித்தேடி வாங்குகிறார். அந்தக் கை அவருடைய சொந்தக் கான்வாஸுக்குள் எப்போதாவது நுழையுமா என்பதுதான் அவருடைய அடுத்த கண்காட்சிகளில் நான் பார்க்க விரும்புவது.